பாம்பனுக்கு இரண்டாம் இடம் கொடுத்தது யார்? பொறியியல் கட்டுரை தேடுவது, மேற்கோள் காட்டுவது பற்றி

கேள்வி: 2025 ஆகஸ்ட் 3
(உச்சிப்புளியிலிருந்து ஒரு சிவில் இறுதியாண்டு மாணவர்)

அண்ணே, என் புராஜெக்ட் கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடிப்பது பற்றி. முதல் பக்கத்திலேயே "உலகில் அரிமானம் (உலோகம் துருப்பிடித்து அரிபடுவது) மிகுந்த இடங்களில் மயாமிக்கு அடுத்து பாம்பன் இரண்டாவது" என்று எழுதியிருந்தேன். கைடு சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூகுளில் போட்டால் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். இதில் யாரை மேற்கோள் காட்டுவது?

ஆகஸ்ட் 3, இரவு

உன் கைடு கேட்டது சரியான கேள்வி தம்பி. எல்லாரும் சொல்கிறார்கள் என்றால் முதலில் யாரோ ஒருவர் அளந்திருக்க வேண்டும். அந்த ஆளைத் தேடு. கூகுள் ஸ்காலரில் (ஆராய்ச்சிக் கட்டுரை தேடும் கூகுள்) அந்த வாக்கியம் வரும் கட்டுரைகளை எடு. வாக்கியத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன எண் என்று பார். கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்த எண்ணில் இருப்பதைத் திற. அங்கேயும் இதே வாக்கியம்தான் என்றால் அதன் எண்ணைப் பிடித்துப் போ. மீதி நாளைக்கு. கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.

ஆகஸ்ட் 4

நானும் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். நான் திறந்தவற்றில் ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டுகிறது, அது ஒரு செய்தித்தாளைக் காட்டுகிறது, செய்தித்தாள் "நிபுணர்கள் கூறுகின்றனர்" என்கிறது. ஒன்றிரண்டு விக்கிப்பீடியாவில் போய் நிற்கின்றன. விக்கிப்பீடியா காட்டுவதும் செய்தித்தாளைத்தான். கை மாறிக் கை மாறி வந்த கருவாடு மாதிரி, எந்தப் படகில் ஏறியது என்று விற்கிறவருக்கே தெரியாது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசை போட்ட அட்டவணை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இப்படி ஒரு வரிசை போட என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பார். ஒரே வகை எஃகுத் தகட்டை உலகத்தில் பல இடங்களில் மாட்ட வேண்டும். ஒரே கால அளவு. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கு. ஏனென்றால் அலையடிக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தாலே காற்றில் வரும் உப்பு மளமளவென்று குறையும். பாலத்தின் மேல் மாட்டிய தகடும் மண்டபம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மாட்டிய தகடும் ஒன்றல்ல. கால அளவும் அப்படித்தான். முதல் வருடம் துரு வேகமாக ஏறும், பிறகு துருப் படலமே கொஞ்சம் தடுப்பதால் வேகம் குறையும். ஒரு வருடக் கணக்கையும் பத்து வருடச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பான ஆள் ஜெயிப்பான்.

அதனால்தான் ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தர விதி இடத்துக்கு ரேங்க் போடுவதில்லை, வகை போடுகிறது. முதல் வருடத்தில் சாதா எஃகு எவ்வளவு மைக்ரான் தேய்கிறது என்பதை வைத்து சி1 முதல் சி5 வரை, அதற்கு மேல் சிஎக்ஸ். 80-க்கு மேல் 200 மைக்ரான் வரை சி5. 200-க்கு மேல் 700 வரை சிஎக்ஸ். "எங்கள் இடம் இந்த வகையில் வருகிறது, இன்னார் இந்த வருடம் அளந்தது" என்று எழுதினால் எந்தக் கைடும் சிவப்பு மை எடுக்க மாட்டார்.

அளந்தவர்கள் வேறு நாட்டிலும் இல்லை. காரைக்குடி சிக்ரி இருக்கிறதே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-ல் திறந்தது), அவர்கள் மண்டபத்தில் தகடு மாட்டி வைத்து அளந்தவர்கள். கரோஷன் சயின்ஸ் இதழில் 2006-ல் அவர்களுடைய கட்டுரை ஒன்று உண்டு: இந்தியாவில் 10 இடங்களில் எஃகு, துத்தநாகம், கால்வனைஸ் தகடு, அலுமினியம் என்று நாலையும் மாட்டிப் பார்த்தது. அதிலிருந்து தொடங்கு. எந்த ஊர், கடலிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மைக்ரான் என்று அட்டவணையை நீயே திறந்து பார். நான் எண்ணைச் சொன்னால் நீ என்னை மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவாய்.

ஆகஸ்ட் 4, பிற்பகல்

சொல்ல விட்டது: அலகு. பழைய கட்டுரைகளில் ஆளுக்கொரு அலகு. ஒருத்தர் வருடத்துக்கு மில்லிமீட்டர் என்பார், ஒருத்தர் மில்ஸ் என்பார் (ஒரு மில் 25.4 மைக்ரான்), இன்னொருத்தர் எம்டிடி என்பார். எம்டிடி என்றால் ஒரு நாளைக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் இழப்பு. எஃகுக்கு ஒரு எம்டிடி என்பது வருடத்துக்குச் சுமார் 4.6 மைக்ரான். மாற்றிப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். மாற்றியது நீ என்றால் அதையும் அறிக்கையில் சொல்.

ஆகஸ்ட் 5

"மண்டபம் என்று போட்டால் கோயில் வருகிறது" என்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன் சிரிக்கிறார். உண்மைதான். தேடல் பெட்டிக்கு நம்ம மண்டபமும் ஆயிரங்கால் மண்டபமும் ஒன்றுதான். கல்தூண் மண்டபம் நிலநடுக்கத்தில் எப்படி ஆடும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் வரிசையாக வருவார்கள். பாம்பன் என்று போட்டால் பாம்பன் சுவாமிகள். கோயிலைத் தாண்டினால் கடல்பாசி, கடல் அட்டை, முத்துச்சிப்பி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. அவர்கள் எழுதிக் குவித்தது அவ்வளவும் மண்டபம் என்ற சொல்லோடுதான் இருக்கும்.

அதனால் ஊர்ப் பெயரை மட்டும் போடாதே. ஊரோடு பொருளையும் கட்டு: மண்டபம், கூடவே அரிமானம் அல்லது எஃகு அல்லது கான்கிரீட் அல்லது குளோரைடு. ஊருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் "அல்லது" போட்டு அடைப்புக்குறிக்குள் வை. ராமேஸ்வரத்துக்கு நடுவில் ஒரு எச் இருந்தும் வரும், இல்லாமலும் வரும். ராமநாதபுரம் பழைய கட்டுரையில் ராம்நாட். மன்னார் வளைகுடா, பாக் ஜலசந்தி, பாக் விரிகுடா என்று தனித்தனியாகவும் தேடு. வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்தில் பாம்பன் பௌம்பென் ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் 7

காசு விஷயம். கட்டுரையைத் திறந்தால் முப்பது டாலர், நாற்பது டாலர் கேட்கிறது என்று கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொடுக்க வேண்டாம்.

அரசுக் கல்லூரியில் படிக்கிறவருக்கு இந்த வருடம் ஒரு வழி திறந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் ஓடுகிறது. 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். முதல் கட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களும்தான். கல்லூரி வைஃபையில் இருந்தபடி திற. வீட்டிலிருந்து என்றால் இன்ஃப்ளிப்நெட்டின் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அரசு மையம்) இன்ஃபெட் என்ற நுழைவு வழியாக நுழையக் கல்லூரி நூலகர் கணக்கு போட்டுத் தர வேண்டும். நூலகர் "அப்படி ஒன்று இல்லை" என்றால் இன்னொரு தரம் கேள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் சந்தா வந்து மாதக்கணக்கில் யாருக்கும் சொல்லவேயில்லை. அறிவிப்புத் தாள் முதல்வர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

என்னைப் போல எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் கட்டட ரிப்பேர் பார்க்கிறவனுக்கு? கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே "எல்லாப் பதிப்புகளும்" என்று ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் பாதி நேரம் ஏதோ ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவச பிடிஎஃப் கிடைத்துவிடும். சிஎஸ்ஐஆர் வெளியிடும் இதழ்கள் நாபர் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். மீன்வள நிறுவனத்துக்கும் சொந்தக் களஞ்சியம் உண்டு. வானிலைத் துறையின் மௌசம் இதழும் திறந்தே இருக்கிறது. 1964 புயலுக்குச் செய்தித்தாளைத் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது. அந்த இதழுக்கு அப்போது வேறு பெயர்.

ஆகஸ்ட் 7, இரவு

சோத்கங்காவை விட்டுவிட்டேன். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் ஆய்வேடுகள் இருக்கும் இடம். நம்ம கடற்கரையைப் பற்றி இதழில் வராத அளவுகள் அங்கேதான் கிடக்கும். ஒரே கோப்பாக இருக்காது. 01, 02 என்று எண் போட்டு இயல் இயலாகப் பிரித்திருப்பார்கள். முதல் நாலைந்து கோப்பில் சான்றிதழும் உறுதிமொழியும் நன்றியுரையும். பொறுமையாகக் கீழே போனால் முடிவுகள் இயல் இருக்கும். மேற்கோளில் 10603 என்று தொடங்கும் ஹேண்டில் எண்ணைக் குறித்துக்கொள். முகவரிப் பட்டையில் தெரிவது மாறலாம், அது மாறாது.

ஆகஸ்ட் 10

கூகுள் ஸ்காலர் போதுமா, ஸ்கோபஸ், காம்பெண்டெக்ஸ் என்ற சந்தா கட்டும் கட்டுரைத் தரவுத்தளங்கள் எல்லாம் எதற்கு என்று கேள்வி.

தொடங்க ஸ்காலர் போதும். முடிக்கப் போதாது. ஸ்காலர் எதையும் விடாது. நல்ல இதழும் வரும், மூன்று நாளில் அச்சிட்டுத் தரும் இதழும் வரும், யாரோ ஏற்றிய பவர்பாயிண்டும் வரும். எந்த வரிசையில் காட்டுகிறது என்பது அதற்கே வெளிச்சம். இன்றைக்குத் தேடியதை அடுத்த மாதம் அதே மாதிரி தேடினால் அதே பட்டியல் வராது.

காம்பெண்டெக்ஸ் வேறு குணம். 1884-ல் எஞ்சினியரிங் இண்டெக்ஸ் என்று அச்சில் தொடங்கியது, பிறகு கணினிக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்ற ஒழுங்கில் தலைப்புச் சொற்கள் இருக்கும். ஒருத்தர் துரு என்பார், ஒருத்தர் அரிமானம் என்பார், ஒருத்தர் சிதைவு என்பார். பட்டியலில் உள்ள சொல்லைப் பிடித்தால் மூவரும் ஒன்றாக வருவார்கள். இரண்டு சொல்லுக்கு நடுவில் எத்தனை சொல் இருக்கலாம் என்றும் கட்டளை போடலாம். குளோரைடும் கான்கிரீட்டும் ஒரே சுருக்கத்தில் எங்கோ இருப்பது வேறு, பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு. ஒரு தரம் இப்படித் தேடிப் பழகினால் ஸ்காலர் சந்தைக்கடை மாதிரி இரைச்சலாகத்தான் தெரியும். ஆனால் சந்தா இருக்கிற இடத்தில்தான் இது முடியும். நான் தெரிந்த பேராசிரியர் ஒருவர் மேசையில் உட்கார்ந்துதான் பழகினேன்.

மேற்கோளைப் பின்தொடர்ந்து தேடும் வழக்கத்தைப் பெரிதாக்கியது சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ். யூஜின் கார்ஃபீல்ட் அதைக் கொண்டுவந்தது 1964-ல். நமக்கு 1964 என்றால் டிசம்பர் புயல்தான் ஞாபகம் வரும், நூலகர்களுக்கு இது. அதில் பழகிய வேலையைத்தான் இப்போது ஸ்காலரில் "மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பில் செய்கிறோம். ஒரு நல்ல பழைய கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்தில் பின்னால் போ, அந்த இணைப்பில் முன்னால் வா. சொல் போட்டுத் தேடுவதில் சிக்காதது இதில் சிக்கும். சிக்ரியின் 2006 கட்டுரையில் இரண்டு பக்கமும் போய்ப் பார்.

ஆகஸ்ட் 14

மாணவத் தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். "ஏஐ-யிடம் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டது அண்ணே." பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இதழ் பெயர் உண்மை. ஆசிரியர்கள் பெயரும் நம்ம ஊர்ப் பெயர்தான். டிஓஐ எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள தனி அடையாள எண்) போட்டுப் பார்த்தேன். ஒன்று பிளாஸ்டிக் பற்றிய கட்டுரைக்குப் போகிறது, ஒன்று எங்கேயும் போகவில்லை. அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் இருப்பது வேறு ஏதோ. தம்பி, டிஓஐ இருந்தால் கிளிக் செய்து பார், திறக்கும் தலைப்பும் உன் பட்டியலில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று பார். டிஓஐ இல்லை என்றால் இதழின் தளத்துக்குப் போய் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தைத் திற. பார்க்கிற நேரத்தில் நீயே தேடியிருக்கலாம் என்று தோன்றும்.

ஏஐ வருவதற்கு முன்னாலும் இது நடந்ததுதான். எல்செவியர் பதிப்பகம் தன் எழுத்தாளர் வழிகாட்டியில், மேற்கோள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி போட்டிருந்தது: வான் டெர் கீர் முதலானோர், 2000, "அறிவியல் கட்டுரை எழுதும் கலை". அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அந்த இதழும் இல்லை. ஆனால் அதை மெய்யான கட்டுரைகள் சுமார் 400 மேற்கோள் காட்டியிருந்தன. பீட்டர் க்ரூனென்பெர்க் என்ற பேராசிரியர் இதைக் கவனித்துச் சொல்ல, ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் எழுதி வெளியே கொண்டுவந்தார். படிவத்தில் இருந்த மாதிரியை அழிக்காமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும். நம்ம ஊரில் பத்திரம் எழுதுகிறவர் பழைய பத்திரத்தில் பெயரை மாற்ற மறந்து, பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தையும் சேர்த்து விற்ற கதை உண்டு.

ஆகஸ்ட் 14, கொஞ்ச நேரம் கழித்து

எழுதிய பிறகு யோசித்தால் இன்னொரு ஆராய்ச்சி இதைவிடப் பொருத்தம். சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003-ல் எழுதியது. புகழ்பெற்ற ஒரு இயற்பியல் கட்டுரையைச் சுமார் 4,300 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் 196 மேற்கோளில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ தப்பு. ஆனால் தனித்தனித் தப்புகள் 45 மட்டும்தான். ஒரே தப்பு 78 தடவை வந்திருக்கிறது. 78 பேருக்கும் தனித்தனியாக ஒரே இடத்தில் கை தவறாது. ஒருத்தர் பட்டியலை இன்னொருத்தர் அப்படியே எடுத்திருக்கிறார். இதை வைத்து, மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் சுமார் 20 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டார்கள். இப்போது மயாமி, பாம்பன் வாக்கியத்தை நினைத்துப் பார்.

ஆகஸ்ட் 17

கீழக்கரைச் சகோதரி நல்ல விஷயம் ஒன்றைக் கிளப்பியிருக்கிறார்: தமிழ்ப் பெயர். இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம்.

ராமசாமி மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் ரா. முருகேசன். முன்னெழுத்து அப்பா பெயர். தரவுத்தளத்துக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். முருகேசனைக் குடும்பப் பெயர் ஆக்கி ஆர்-ஐப் பின்னால் போட்டால் தப்பித்தோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது முன்னெழுத்தை விரித்து முருகேசன் ராமசாமி என்று போட்டு, அதே பெயரில் வெளிநாட்டு இதழுக்கு எழுதினார் என்றால் மேற்கோள் ராமசாமி, எம். என்று போகும். மகன் எழுதிய கட்டுரைக்கு அப்பா புகழ் பெறுவார். அப்பா கடலுக்குப் போய் வலை இழுத்துக்கொண்டிருப்பார்.

இதனால் ஒரே ஆள் ஸ்கோபஸில் இரண்டு மூன்று ஆளாக இருப்பார். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடு, முன்னெழுத்து இல்லாமலும் தேடு. பிறகு நிறுவனத்தின் பெயரைப் போட்டு வடிகட்டு. இந்தத் தொல்லைக்காகத்தான் 2012-ல் ஆர்க்கிட் எண் வந்தது. ஆளுக்கு ஒரு எண், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. நீ மேலே படிக்கப் போகிறாய் என்றால் முதல் கட்டுரைக்கு முன்னாலேயே எடுத்துவிடு, காசு இல்லை.

சோட்டெரோ (மேற்கோள்களைச் சேர்த்து வைத்துப் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் நிறுவனப் பெயரையும் கவனிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஆங்கிலப் பெயரை ஆசிரியர் கட்டத்தில் அப்படியே விட்டால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "ஸ்டாண்டர்ட்ஸ், பி. ஓ. ஐ." என்று ஒரு மனிதரை உண்டாக்கிவிடும். நான் பார்த்த ஒரு அறிக்கையில் இந்த மனிதர் எட்டு நூல் எழுதியிருந்தார். பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்ற அங்கேயே ஒரு சிறு பொத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18

வாட்ஸ்அப்பில் "மூன்று நாளில் வெளியீடு, 1,500 ரூபாய்" என்று வருவதில் புராஜெக்டைப் போடலாமா? வேண்டாம். யூஜிசி-கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியல்) இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன காலம் போய்விட்டது, அந்தப் பட்டியலை யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அந்த மூன்று நாளில் யார் படித்துத் திருத்துவார் என்று கேட்டுப் பார், பதில் வராது.

ஆகஸ்ட் 23

தலைப்பை விட்டு விலகுகிறேன், பாலத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் 126 இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயின. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் மறுபடி ரயில் ஓடியது. இதுவரை எல்லாரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். மொத்தம் எத்தனை கண் (இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள பகுதி) என்று கேள், 143, 145, 146 என்று ஆளுக்கொன்று. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குக் கண்ணைச் சேர்த்தார்களா இல்லையா, தூணை எண்ணினார்களா இடைவெளியை எண்ணினார்களா என்பதிலேயே இந்த வித்தியாசம் வரும். இங்கே எதைப் போடுவது? ரயில்வேயின் வரைபடம் கிடைத்தால் அதை. கிடைக்காவிட்டால் எண்ணையும் எங்கே எடுத்தாய் என்பதையும் சேர்த்துப் போடு. மூன்றின் சராசரி எடுத்த ஒருத்தரை எனக்குத் தெரியும்.

புதுப் பாலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. 2025 ஏப்ரல் 6-ல் திறந்தபோது அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட குறிப்பிலேயே இருக்கிறது: 2.08 கிலோமீட்டர், 99 கண், 72.5 மீட்டர் செங்குத்துத் தூக்குக் கண், 17 மீட்டர் வரை மேலே போகும். துருவுக்காகத் துருவேறா எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் என்று அதிலேயே சொல்கிறார்கள். உன் அறிக்கைக்கு இது நேராக உதவும். வெளியீட்டு எண்ணையும் தேதியையும் போட்டு மேற்கோள் காட்டு. அதை வைத்து எழுதிய செய்தியை மேற்கோள் காட்டாதே.

பழைய தூக்குக் கண்ணுக்கு மூலம் வேண்டுமா? காப்புரிமையும் பொறியியல் இலக்கியம்தான், யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அது ஷெர்சர் உருள் தூக்குப் பாலம் என்ற வகை. அந்த வகைக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 511,713, தேதி 1893 டிசம்பர் 26. கூகுள் பேட்டண்ட்ஸில் எண்ணைப் போட்டால் வரைபடத்தோடு வருகிறது. வில்லியம் ஷெர்சர் அது கைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். நம்ம பாலத்தின் இரண்டு இலையும் எப்படி உருண்டு பின்னால் சாய்ந்தன என்பதை அந்தப் படத்தில் பார்த்த பிறகுதான் எனக்குச் சரியாக விளங்கியது, இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்து திறப்பதைப் பார்த்தவன்.

ஆகஸ்ட் 24

மயாமி பற்றி ஒரு யோசனை. இது என் ஊகம், மேற்கோள் காட்டாதே.

ஃபுளோரிடாவில் அரிமானத்துக்குப் பெயர் போன இடம் கென்னடி விண்வெளி மையத்தின் கடற்கரை. நாசா அங்கே 1966 முதல் தகடு மாட்டிப் பார்க்கிறது. அலையிலிருந்து கூப்பிடு தூரம். ராக்கெட் விடும் இரும்பு மேடை துருப்பிடிப்பதால் அவர்களுக்கு அந்தக் கவலை. அறிக்கைகள் நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைத் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஆனால் அந்த இடம் மயாமிக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர். மயாமி பக்கம் பெயர் பெற்றது வெயிலுக்கு. பெயிண்ட்டும் பிளாஸ்டிக்கும் வெயிலில் எப்படி வெளுக்கின்றன என்று சோதிக்க உலகமே தெற்கு ஃபுளோரிடாவுக்குத்தான் அனுப்புகிறது. இந்த இரண்டும் எங்கோ கலந்து "மயாமி முதலிடம்" ஆகியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த முதலிடமே ஆட்டம் காண்கிறது என்றால் நம்ம இரண்டாம் இடம் என்ன ஆவது? இதைச் சொன்னதற்குத் தங்கச்சிமடத்து அண்ணன் கோபப்பட்டார். ஊர்ப் பெருமையைக் குறைக்கிறேனாம். துருப்பிடிப்பதில் என்ன பெருமை அண்ணே, உங்கள் வீட்டு கேட்டைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 30

தர விதிகளை எப்படி மேற்கோள் காட்டுவது என்ற கேள்வி நிலுவையில் இருக்கிறது.

"ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) சொல்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது. ஐஎஸ் 456:2000 என்று ஆண்டோடு எழுது, திருத்தங்களைச் சேர்த்துப் பார்த்தாயா என்று சொல், அட்டவணை எண்ணைச் சொல். அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் விதிகளை இலவசமாக இறக்கலாம். இன்னும் ஜெராக்ஸ் கடையில் பழைய பிரதியைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம பக்கம் இது வெறும் மேற்கோள் பிரச்சினை இல்லை. அதில் மூன்றாம் அட்டவணையைப் படித்துப் பார். கடலோரச் சூழலில் உள்ள கான்கிரீட் "கடுமை". கடல்நீர்த் தெறிப்பு படுவது "மிகக் கடுமை". ஓதம் ஏறி இறங்கும் இடம் "உச்சம்". கடுமைக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர். மிகக் கடுமைக்கு எம்35, 50 மில்லிமீட்டர். உச்சத்துக்கு எம்40, 75 மில்லிமீட்டர். நான் ரிப்பேர் பார்க்கிற வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற இடத்தில் அளந்தால் கவர் ஒரு விரல் கனம்கூட இருப்பதில்லை. கொத்தனாரைக் கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்பார்.

தம்பி, உன் அறிக்கையில் மேல்தள ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர் என்று போட்டு ஐஎஸ் 456-ஐ மேற்கோள் காட்டியிருக்கிறாய். 20 என்பது "இலேசான" (மைல்ட்) சூழலுக்கு, கடலோரத்துக்கு இல்லை. அந்த அட்டவணை எண் 16. வரிசை முழுவதையும் படி.

செப்டம்பர் 2

தம்பி திருத்தி எழுதிய முதல் பத்தி வந்திருக்கிறது. ரேங்க் போய்விட்டது. தகடு மாட்டிய இடம், காலம், மைக்ரான், ஐஎஸ்ஓ வகை, எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: சிக்ரி கட்டுரையைப் பிறகு வந்த ஒரு ஆய்வுரையிலிருந்து எடுத்து, நேரே பார்த்தது போலப் போட்டிருக்கிறாய். எப்படித் தெரியும் என்றால், ஆய்வுரையில் பக்க எண்ணில் ஒரு தப்பு இருக்கிறது, அதே தப்பு உன்னிடமும் இருக்கிறது. மூலத்தைத் திற. திறக்க முடியாவிட்டால் "இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டபடி" என்று எழுது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6

கடைசியாகக் கேட்டது: சிக்ரி வெளியிட்ட புல்லட்டின் ஆஃப் எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி இதழின் பழைய கட்டுரை ஒன்று எங்கேயும் இல்லை, என்ன செய்வது?

காரைக்குடி பஸ் ஏறு. முதலில் நூலகத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கேள், கல்லூரி முத்திரையோடு. அதற்கு முன் கட்டுரை எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டுப் பார். ஓய்வு பெற்றிருந்தால் பழைய முகவரி வேலை செய்யாது, அவருடன் எழுதிய இளையவரின் சமீபத்திய கட்டுரையில் முகவரி இருக்கும். தலைப்பு வரியில் கட்டுரையின் பெயர், தொகுதி, ஆண்டு. உள்ளே மூன்று வரி: யார் நீ, எந்த அட்டவணை வேண்டும், எதற்கு. "மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு" எல்லாம் வேண்டாம். ஒரு வாரம் பார், பதில் இல்லை என்றால் இன்னொரு தரம் அனுப்பு. மூன்றாம் தரம் அனுப்பாதே, பஸ்ஸைப் பிடி.